சகிப்பும் பொறையும்: தைமசுச் சுரப்பி எழுப்பும் ஓர் அறவியல் வினா

சகிப்பு என்பது அறவியலாளரும் அரசியற் சிந்தனையாளரும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஒரு பண்பாகும். ஐரோப்பாவிலே சமயப் பூசல்கள் பெருங்குருதி சிந்தவைத்த காலத்தையடுத்து, யோன் லொக் 1689 ஆம் ஆண்டிலும் வோல்தேயர் 1763 ஆம் ஆண்டிலும் இப்பொருள் பற்றித் தனி நூல்களை வெளியிட்டனர். தமிழ் மரபிலே திருக்குறள் பொறையுடைமை என்னும் ஓர் அதிகாரத்தையே இதற்கென ஒதுக்கியுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சொல் எதிர்பாராத ஒரு துறையினுட் புகுந்தது. உடல் தன் சொந்த இழையங்களைத் தாக்காது விட்டுவைக்கும் இயல்பைக் குறிப்பதற்கு உயிரியலாளர் 'சகிப்பு' என்னும் அதே சொல்லைக் கையாளத் தொடங்கினர். இச்சொல்லாட்சி வெறும் உவமை மட்டுமா, அன்றி உடலின் சகிப்புக்கும் மனிதரின் சகிப்புக்குமிடையே மெய்யான தொடர்பு ஏதும் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று. "உடல் தன்னுடையதைக் காக்கின்றது, அந்நியமானதை அழிக்கின்றது, இஃது இயற்கையின் நியதி, ஆகவே ஒரு சமுதாயமும் தன்னவரைப் பேணிப் பிறரை விலக்குதல் இயற்கையோடு ஒத்ததே" என்னும் வாதம் பல காலங்களில், பல நாடுகளில், பல குரல்களில் எழுந்துள்ளது. நாசி ஜேர்மனியில் யூதமக்கள் ஒட்டுண்ணிகள் எனவும் நோய்க்கிருமிகள் எனவும் வருணிக்கப்பட்டனர். அவர்களை ஒழித்தல் இனத்தின் சுகாதாரப் பணியெனப் போதிக்கப்பட்டது. உடலைப் பற்றிய ஓர் உவமை எத்தகைய கொடுமைக்குத் துணைபோகக் கூடும் என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. இவ்வாதத்தை அறத்தின் பெயரால் மறுப்பவர் பலர். ஆயின் அதன் முதற்கூற்றாகிய உயிரியற் செய்தி மெய்தானா என வினவுவோர் சிலரே. அம்முதற்கூற்றே ஈண்டு முதற்கண் ஆராயத்தக்கது.

இத்துறையின் அடிப்படைச் சொற்கள் உடலிலிருந்து பிறந்தவையல்ல. சமுதாயத்திலிருந்து உடலுக்குச் சென்றவை என்பது மனங்கொளத்தக்கது. 'இம்மியூனிற்றி' என்னும் ஐரோப்பியச் சொல் உரோமச் சட்டத்திலே வரி, ஊழியம் முதலிய பொதுச்சுமைகளினின்றும் ஒருவர் பெற்ற விலக்கைக் குறித்தது. அதற்கு இணையாக இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'நிர்ப்பீடனம்' என்னும் சொல்லும் பீடனத்தினின்றும், அதாவது துன்பத்தினின்றும், நீங்கிய நிலையையே சுட்டுகின்றது. 1882 ஆம் ஆண்டில் இரசிய அறிஞர் மெச்னிகோவ் இத்தாலியின் மெசீனா நகரில் நட்சத்திர மீனின் குடம்பிகளில் ரோசா முட்களைச் செலுத்தி, அவற்றைச் சூழ்ந்துகொள்ளும் அசையுங் கலங்களைக் கண்டதன் பின்னர், உடல் போர்புரிந்து தன்னைக் காக்கும் கோட்டையாகச் சித்திரிக்கப்படலாயிற்று. படை, எதிரி, ஊடுருவல், காவல் ஆகிய சொற்கள் யாவும் அரசியலிலிருந்து உடலியலுக்குக் கடனாகச் சென்றவை. கடனாகச் சென்ற சொற்களே பின்னர் 'இயற்கையின் தீர்ப்பு' என்னும் முத்திரையோடு அரசியலுக்கு மீளும்போது, சமுதாயம் தன் சொந்தக் குரலின் எதிரொலியையே இயற்கையின் குரலென மயங்குகின்றது.

இனி, உடலிலே மெய்யாக நிகழ்வதனை நோக்குவோம். இச்செய்தியின் நடுவிலே நிற்பது தைமசு என்னும் சிறிய உறுப்பு. மார்பென்பின் பின்னே, இதயத்தின் மேற்புறத்தில், இரு சோணைகளாக அஃது அமைந்துள்ளது. குழந்தைப் பருவத்தில் உடலளவோடு ஒப்பிடுமிடத்து மிகப் பெரிதாயிருந்து, பின் படிப்படியாகச் சுருங்கி, முதுமையிற் பெரும்பாலும் கொழுப்பிழையமாக மாறிவிடுகின்றது. வளர்ந்தோரில் இவ்வாறு தேய்ந்துபோவதாலேயே நெடுங்காலம் அது பயனற்ற எச்சம் எனக் கருதப்பட்டது. 1961 ஆம் ஆண்டில் இலண்டனில் செஸ்ரர் பீற்றி ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய ஜாக் மில்லர், பிறந்த அன்றே தைமசு அகற்றப்பட்ட சுண்டெலிகள் நிணநீர்க்குழியங்கள் குன்றி நோய்வாய்ப்பட்டு மடிவதையும், அந்நியத் தோலொட்டுக்களை மறுப்பின்றி ஏற்பதையும் வெளிப்படுத்தினார். சுண்டெலிகளின் வெண்குருதிப் புற்றுநோயை ஆராயப் புகுந்தவர் அவர். அந்த ஆய்வின் வழியே, உடலின் முக்கிய உறுப்புக்களுள் ஒன்றின் தொழில் முதன்முறையாகப் புலனாயிற்று. தைமசில் முதிரும் குழியங்கள் அவ்வுறுப்பின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தையொட்டி 'ரீ-கலங்கள்' என இன்று வழங்குகின்றன.

என்பு மச்சையிலே தோன்றும் முதனிலைக் கலங்கள் குருதிவழியாகத் தைமசை அடைகின்றன. அங்கே ஒவ்வொரு கலமும் தன் புறப்பரப்பில் ஒரு வாங்கியை உருவாக்குகின்றது. இவ்வாங்கிக்குரிய பரம்பரையலகு முழுமையாகக் கையளிக்கப்படுவதில்லை. பல துண்டுகள் வெட்டி ஒட்டப்பட்டு, இணைப்பிடங்களில் மேலும் மாற்றங்கள் புகுத்தப்பட்டு, பெரும்பாலும் தற்செயலான முறையில் அமைகின்றது. ஆகவே எதிர்காலத்திலே எந்தக் கிருமி வருமென எவரும் முன்னறியாவிடினும், அதனை உணரக்கூடிய ஏதேனும் ஒரு வாங்கி உடலில் இருப்பதற்கு இடமுண்டாகின்றது. ஆயின் இத்தற்செயல் முறைக்கு ஒரு விலையும் உண்டு. உடலின் சொந்தப் புரதங்களை உணர்ந்து தாக்கவல்ல வாங்கிகளும் அதே முறையில் தவறாது தோன்றுகின்றன. ஜேர்மனிய மருத்துவ மேதை போல் எர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உடல் தன்னைத்தான் நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சி விலகும் என ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அவ்விலகல் எவ்வாறு கைகூடுகின்றது என்பதற்கு அவர் காலத்திலே விடை கிடைக்கவில்லை.

விடையின் பெரும்பகுதி தைமசினுள்ளே இருந்தது. அதன் மேற்பட்டையிலே இளங்கலங்கள் முதலாம் சோதனைக்கு உட்படுகின்றன. உடலின் கலங்கள் தமது புறப்பரப்பிற் புரதத்துண்டுகளை ஏந்திக் காட்டுவதற்கெனத் தாங்கு மூலக்கூறுகளைக் கொண்டுள்ளன. அம்மூலக்கூறுகளை ஓரளவேனும் உணரவியலாத வாங்கியைப் பெற்ற கலம் உயிர்வாழ்வதற்குரிய சைகையைப் பெறாமலே மடிகின்றது. தேறியவை மையவிழையத்தை அடைந்து இரண்டாம் சோதனையை எதிர்கொள்கின்றன. அங்கே உடலின் சொந்தப் புரதத்துண்டுகள் காட்டப்படுகின்றன. அவற்றை மிக வன்மையாகப் பற்றிக்கொள்ளும் கலங்கள் தம்மைத்தாமே அழித்துக்கொள்ளுமாறு தூண்டப்படுகின்றன. இக்களையெடுப்பு மெய்யாகவே தைமசினுள் நிகழ்வதைக் கப்ளர், மறாக் முதலியோர் 1987 இற் சுண்டெலிகளிற் காட்டினர். தைமசினுட் புகும் கலங்களுள் நூற்றுக்கு 95 க்கு மேற்பட்டவை அங்கேயே மடிந்துபோகின்றன. தன்னை முற்றாக உணராதவையும் தன்னை மிகையாக உணர்பவையும் நீங்க, அளவோடு உணர்பவையே வெளிச்செல்கின்றன.

இவ்விடத்தில் ஒரு புதிர் எழுகின்றது. இன்சுலினைக் கணையம் ஆக்குகின்றது. விழித்திரைக்கும் தோலுக்கும் ஈரலுக்கும் தனித்தனிப் புரதங்கள் உள. மார்புக்குள் ஒதுங்கிக் கிடக்கும் தைமசு அவற்றை எங்ஙனம் அறியும்? 1997 இல் 'எயர்' எனப்படும் பரம்பரையலகு கண்டறியப்பட்டது. அதிற் குறைபாடுடையோர் தம் பரதைரொயிட்டுச் சுரப்பியையும் அதிரீனற் சுரப்பியையும் தாமே தாக்கும் அரிய நோயொன்றிற்கு ஆளாகின்றனர். பின்லாந்து மக்கள், சார்டீனியர், ஈரானிய யூதர் ஆகியோரிடையே இந்நோய் ஒப்பீட்டளவிற் கூடுதலாகக் காணப்படுகின்றது. 2002 இல் அன்டர்சன், மத்திசு, பெனுவா முதலியோர் இதன் தொழிலை விளக்கினர். தைமசின் மையவிழையத்திலுள்ள மேலணிக்கலங்கள், எயர் புரதத்தின் துணையோடு, பிற உறுப்புக்களுக்கே உரிய எண்ணற்ற புரதங்களைச் சிறிதளவில் தாமே ஆக்கிக் காட்டுகின்றன. ஒரு கலம் எல்லாவற்றையும் காட்டுவதில்லை; ஒவ்வொன்றும் ஒரு சிறுபகுதியைக் காட்ட, அனைத்தும் கூடி முழுவுடலின் படிவமாகின்றன. அவற்றுட் சில தசைக்கலம் போலவும் குடற்கலம் போலவும் தோற்கலம் போலவும் வேடம் பூணுகின்றன என்பது 2022 இல் வெளிவந்த ஆய்வினால் மேலும் தெளிவாயிற்று. உடல் முழுவதும் ஒரு சிற்றுறுப்பினுள் மாதிரிகளாகத் தொகுத்து வைக்கப்பட்டிருக்கின்றது எனலாம்.

இச்செய்திகளிலிருந்து எழும் முதலாவது தத்துவப் பொருள் 'தான்' என்பதன் இயல்பு பற்றியது. அவுஸ்திரேலிய அறிஞர் மக்பார்லன் பேர்னெற் நிர்ப்பீடனவியலைத் 'தான்', 'தானல்லாதது' என்னும் இரு சொற்களால் விளக்கினார். ஆயின் தான் எது என்பது உடலுக்குப் பிறப்பிலேயே எழுதிக் கொடுக்கப்பட்டதன்று என்பதை அவரது கருதுகோளுக்கு ஆதாரமாயமைந்த செய்தியே உணர்த்துகின்றது. 1945 இல் அமெரிக்க அறிஞர் ரே ஓவன், கருப்பையிற் குருதிக்கலன்கள் இணைந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகள், ஒன்றையொன்று ஒவ்வாத குருதி வகையினவாயினும், வளர்ந்த பின்னரும் மற்றதன் குருதிக்கலங்களை எதிர்ப்பின்றித் தாங்கி வாழ்வதைக் கண்டார். 1953 இற் பில்லிங்காம், பிறென்ற், மெடவார் ஆகிய மூவரும் கருவிலிருக்கும் சுண்டெலிகளுக்குள் வேறொரு குலத்துச் சுண்டெலியின் கலங்களைச் செலுத்தினர். வளர்ந்தபின் அவற்றுட் சில அக்குலத்தின் தோலொட்டைத் தமதேபோல் ஏற்றுக்கொண்டன. 1960 ஆம் ஆண்டின் நோபல் பரிசு பேர்னெற்றுக்கும் மெடவாருக்கும் இச்'சகிப்பு' பற்றிய பணிக்காகவே வழங்கப்பட்டது. இளமையில் எதனோடு கூடி வளர்ந்ததோ அதுவே உடலுக்குத் தானாகின்றது. 'தான்' என்பது மாறாத சாரமன்று. ஒரு கல்வியின் பயன், ஒரு வரலாற்றின் விளைவு. குருதியிலே தன்மையும் அயன்மையும் என்றென்றைக்குமாக எழுதப்பட்டுள்ளன என்போர்க்கு உடற்கலங்கள் தரும் சான்று ஆதரவாக அமையவில்லை.

இரண்டாவது பொருள் சகிப்பு என்னும் கருத்தைப் பற்றியது. அறவியலாளர் சகிப்புக்கு மூன்று நிபந்தனைகளை விதிப்பர். ஒருவர் ஒன்றனைச் சகித்தார் எனக் கூறுவதற்கு, முதலில் அவர் அதனைப் பொருட்படுத்தி அதில் ஒவ்வாமை உணர்தல் வேண்டும். அடுத்து அதனைத் தடுக்கவோ தண்டிக்கவோ ஆற்றலுடையவராதல் வேண்டும். அவ்வாற்றல் இருந்தும் தக்க காரணம் பற்றி அதனைப் பயன்படுத்தாதிருத்தல் வேண்டும். உணராதவரின் வாளாமை அலட்சியம் எனப்படும்; ஆற்றலில்லாதவரின் வாளாமை இயலாமை எனப்படும். தமிழிற் பொறை என்னும் சொல் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. அது பொறுமையை மட்டுமன்றிச் சுமையையும் குறிக்கும். சுமை இல்லாத இடத்திற் பொறையும் இல்லை. சுமையினின்றும் விலக்குப் பெறுதலைக் குறித்த உரோமச் சொல்லுக்கு நேரெதிரே, சுமையை ஏற்றுத் தாங்குதலைக் குறிக்கும் இத்தமிழ்ச் சொல் நிற்பது நோக்கத்தக்கது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், தைமசினுள் நிகழும் களையெடுப்பைச் சகிப்பு என அழைப்பது பொருந்தாது. அங்கே எதிர்க்கவல்லவை எதிர்க்காதிருக்கப் பழகவில்லை, எதிர்க்கவல்லவையே இல்லாமலாக்கப்பட்டன. எஞ்சியவற்றின் அமைதி வெறுமையின் அமைதி. மாறுபட்டோர் யாவரையும் அகற்றியபின் ஓர் அரசு தன் நாட்டில் இணக்கம் நிலவுகின்றதெனப் பெருமை பேசுமாயின், அவ்விணக்கத்தை எவரும் சகிப்பென ஒப்புவதில்லை. கேட்பதற்கு எதிர்க்குரலே இல்லாதவிடத்துக் கேட்கும் பொறுமையும் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே உயிரியலாளர் 1950 களில் வழங்கத் தொடங்கிய சொல், அப்போது அவர்கள் அறிந்திருந்த நிகழ்ச்சிக்கு முற்றாகப் பொருந்தியிருந்தது எனக் கூறவியலாது.

ஆயின் உடலின் கதை அத்துடன் முடியவில்லை. களையெடுப்பு நிறைவானதன்று, தன்னுடலை உணரவல்ல கலங்கள் பல தைமசிலிருந்து தப்பி வெளியேறுகின்றன. 2015 இல் வெளியான ஆய்வொன்று ஆண்களுக்கே உரிய ஒரு புரதத்துண்டை உணரும் ரீ-கலங்களை எண்ணிப் பார்த்தது. பெண்களிற் காணப்பட்டவற்றின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்களவில் அவை ஆண்களின் குருதியிலும் இருந்தன. அவை முற்றாக நீக்கப்படாமைக்கு அவ்வாய்வாளர் கூறிய காரணம் சிந்தனைக்குரியது. தன்னை உணரக்கூடிய வாங்கிகள் யாவற்றையும் அழித்தால், அவற்றையொத்த வடிவினையுடைய கிருமிகளை உணர்வதற்கு எவையும் எஞ்சா. முழுமையான களையெடுப்பு உடலைக் குருடாக்கும். எதிர்ப்புணர்வை வேரோடு கல்லிய ஒழுங்கு மெய்யான தீங்கையும் காணும் ஆற்றலை இழந்துவிடுகின்றது.

அவ்வாறாயின், தப்பிய அக்கலங்கள் நலமுடையோரின் உடலைத் தாக்காதிருப்பது எதனால்? இவ்வினாவுக்கான விடை நெடும்பாதையூடாக வந்தது. 1969 இல் யப்பானிய ஆய்வாளர் நிசிசூக்காவும் சக்காக்குராவும் பிறந்து மூன்றாம் நாளிலே சுண்டெலிகளின் தைமசை அகற்றினர். நிர்ப்பீடனம் குன்றும் என்பதற்கு மாறாக, அவற்றின் சூலகங்கள் அழிந்துபோயின. உடல் தன்னைத்தானே தாக்கியதன் விளைவு அது எனப் பின்னர் விளங்கியது. தாக்குங் கலங்கள் முன்னரே வெளியேறிவிட, அவற்றை அடக்கும் கலங்கள் வெளிவருமுன் தைமசு அகற்றப்பட்டது போலும். அடக்குங் கலங்கள் உண்டென்னும் கருத்து 1970 களிற் பெருவழக்காயிருந்து, உரிய மூலக்கூற்றுச் சான்று கிடைக்காமையால் 1980 களில் மதிப்பிழந்தது. அவ்வேளையிலும் அதனைக் கைவிடாது தொடர்ந்த சிமோன் சக்காகுச்சி 1995 இல் அக்கலங்களை அடையாளப்படுத்தினார். 2001 இல் மேரி பிறங்கோ, பிறெட் இராம்ஸ்டெல் ஆகியோர், செதிற்றோலும் நலிவும் கொண்டு சில வாரங்களில் மடியும் ஒரு சுண்டெலிக் குலத்தை ஆராய்ந்து 'பொக்ஸ்-பீ-3' என்னும் பரம்பரையலகைக் கண்டறிந்தனர். அதே அலகு பழுதுற்ற ஆண்குழந்தைகளில் கொடிய தன்னெதிர்ப்பு நோய் தோன்றுவதும் தெரியவந்தது. சக்காகுச்சி முதலியோர் இவ்விரு வழிகளும் ஒன்றே என 2003 இல் நிறுவினர். மூவரும் 2025 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒழுங்காக்கும் ரீ-கலங்கள் என இன்று வழங்கும் இவற்றின் பிறப்பே வியப்புக்குரியது. தைமசினுள்ளே தன்னுடலை ஓரளவு வன்மையாக உணரும் கலங்கள் யாவும் அழிக்கப்படுவதில்லை. அவற்றுள் ஒரு பகுதி பொக்ஸ்-பீ-3 இன் ஆட்சிக்குட்பட்டு ஒழுங்காக்கும் கலங்களாக மாறுகின்றது. எவை உடலுக்குக் கேடு விளைத்திருக்கக் கூடுமோ, அவற்றினின்றே உடலின் காவலர் உருவாகின்றனர். அவை உணர்வை இழக்கவில்லை. உணர்ந்தவாறே பிற கலங்களின் சீற்றத்தைத் தணிக்கின்றன. ஒவ்வொரு நாளும், ஒவ்வோர் இழையத்திலும், தாக்கும் ஆற்றலுள்ள கலங்கள் இருந்துகொண்டே தாக்காதிருக்கின்றன. அறவியலாளரின் மூன்று நிபந்தனைகளுள் முதலிரண்டிற்கும் இது மிக அணித்தாக வருகின்றது. உணர்வுண்டு, ஆற்றலுண்டு, அடக்கமும் உண்டு. உடலின் நலம் எதிர்ப்பின்மையால் மட்டுமன்றி, எதிர்ப்பை இடையறாது தாங்கிநிற்கும் ஒரு சுமையாலும் கைகூடுகின்றது. 'பொறை' என்னும் சொல் இங்கே பொருந்துகின்றது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கலத்திற்கு மனமில்லை, காரணங்களை எடைபோட்டு அது தன்னை அடக்கிக்கொள்வதில்லை, இரசாயனச் சைகைகளுக்கு உட்பட்டே இயங்குகின்றது. ஆகவே மூன்றாம் நிபந்தனையாகிய தக்க காரணம் பற்றிய தெரிவு அதற்கு இல்லை. இத்தடை நியாயமானதே. 1739-40 இல் வெளிவந்த தமது நூலிலே டேவிட் ஹியூம் சுட்டியதுபோல, 'உள்ளது' என்பதிலிருந்து 'வேண்டியது' என்பதனை நேரே பெறவியலாது. உடல் பொறுக்கின்றது என்பதால் மனிதர் பொறுக்கக் கடமைப்பட்டவராகார். ஆயின் இதே தடை எதிர்வாதத்தையும் வீழ்த்துகின்றது. உடல் விலக்குகின்றது என்பதால் மனிதர் விலக்க உரிமை பெற்றவருமாகார். உயிரியல் அறத்தை நிறுவமாட்டாது. ஆயின் உயிரியலின் பெயரால் நிறுவப்பட்ட பொய்யான அறத்தைக் கலைக்க அது துணைபுரியும். இப்பணியே இக்கட்டுரையிற் கருதப்பட்டது.

அப்பொய்யறத்தின் முதற்கூற்றை மீண்டும் நோக்கின் அது இருமுனையிலும் பிழைபடுகின்றது. உடல் அந்நியமானவை யாவற்றையும் அழிப்பதில்லை. மனித உடலிலுள்ள பற்றீரியாக்களின் தொகை ஏறத்தாழ 38 இலட்சங்கோடி. உடலின் சொந்தக் கலங்களோ ஏறத்தாழ 30 இலட்சங்கோடி என 2016 இல் வெளியான மதிப்பீடொன்று கூறுகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்ந்து செரிமானத்திற்கும் நிர்ப்பீடனத்தின் முதிர்ச்சிக்கும் உதவுகின்றன. தாய் தன் கருவில் வளரும் சேயை, அதன் பரம்பரையலகுகளிற் பாதி தந்தையினுடையவையாயினும், பல மாதங்கள் ஏந்துகின்றாள். அவ்வேந்தலில் ஒழுங்காக்கும் கலங்களுக்கும் பங்குண்டு. மகனின் கலங்கள் பிறப்பின் பின் 27 ஆண்டுகள் சென்ற ஒரு தாயின் குருதியிலும் காணப்பட்டமை 1996 இல் அறியப்பட்டது. மறுபுறத்தில், உடல் தன்னவை யாவற்றையும் காப்பதுமில்லை. வைரசு தொற்றிய சொந்தக் கலங்களை ரீ-கலங்கள் எவ்வாறு இனங்கண்டு கொல்கின்றன என்பதை அவுஸ்திரேலியாவின் கன்பராவில் சிங்கர்ணாகலும் டோகெற்றியும் 1974 இல் விளக்கினர். அந்நியம் என்பதால் அழிவதுமில்லை. சொந்தம் என்பதாற் பிழைப்பதுமில்லை. 1994 இல் பொலி மட்சிங்கர், உடல் வினவுவது 'யாருடையது' என்பதையன்று, 'தீங்கு செய்கின்றதா' என்பதையே என வாதித்தார். அவரது கொள்கை முழுமையாக ஏற்கப்படவில்லையாயினும், தான்–தானல்லாதது என்னும் பிரிவு மட்டும் போதாது என்பதை இன்று பெரும்பாலார் ஒப்புவர்.

இனிப் பொறைக்கு எல்லையுண்டா என்னும் வினா எஞ்சியுள்ளது. உடலில் அதற்கு எல்லையுண்டு; எல்லை தவறினால் ஊறுமுண்டு. புற்றுநோய்க் கட்டிகள் பல ஒழுங்காக்கும் கலங்களைத் தம்பால் ஈர்த்து, உடலின் அடக்கத்தையே தமக்கு அரணாக்கிக்கொள்கின்றன. ரீ-கலங்களைத் தடுத்துநிறுத்தும் மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்து புற்றுநோயைத் தாக்கும் மருத்துவத்திற்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ ஆகியோர் 2018 இல் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்து பெற்றோர் சிலரில் அதே தடை நீங்கியதால் உடல் தன் குடலையும் சுரப்பிகளையும் தாக்கத் தொடங்குவதும் உண்டு. கார்ல் பொப்பர் 1945 இல் வெளியிட்ட நூலிலே, எல்லையற்ற சகிப்பு சகிப்பின் அழிவிற்கே வழிவகுக்கும் என எச்சரித்தார். எல்லை வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்வெல்லை பிறப்பின்மேல் வரையப்படுகின்றதா, செயலின்மேல் வரையப்படுகின்றதா என்பதிலேயே அறம் தங்கியுள்ளது. ஒருவர் யார் என்பது பற்றி விலக்குதல் வேறு. அவர் பிறருக்கு இழைக்கும் தீங்கு பற்றித் தடுத்தல் வேறு.

தைமசு பற்றிய ஆய்வின் வரலாற்றிலேயே இதனோடு தொடர்புடைய துயரமான படிப்பினையொன்று உண்டு. பிரித்தானியாவில் 1832 ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டத்தின்படி, வறியோர் இல்லங்களில் உரிமை கோருவாரின்றி இறந்தோரின் உடல்கள் மருத்துவப் பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டன. வறுமையும் நெடுநாட் பிணியும் தைமசைச் சுருங்கவைக்கும் என்பது அக்காலத்தில் அறியப்படவில்லை. இத்தகைய உடல்களிற் கண்ட சிறிய தைமசே இயல்பானதெனப் பாடநூல்களிற் பதியப்பட்டது. நலமாயிருந்து திடீரென இறந்த குழந்தைகளின் உடலை ஆராய்ந்தபோது, அவற்றின் இயல்பான தைமசு பருத்துப்போனதாகத் தோன்றியது. 1889 இல் வியன்னாவின் பல்ராவ் இதற்கு ஒரு நோய்ப்பெயரும் சூட்டினார். 1907 முதல், குழந்தைகளின் தைமசைச் சுருக்குவதற்கென எக்ஸ்-கதிர் பாய்ச்சப்பட்டது. ஆயிரக்கணக்கான நலமுள்ள பிள்ளைகள் இல்லாத நோய்க்குச் சிகிச்சை பெற்றனர். அவ்வாறு கதிரேற்றோரிடையே தைரொயிட்டுப் புற்றுநோய் தோன்றுவதை 1950 இல் டபி, பிற்ஸ்ஜெரல்ட் ஆகியோர் சுட்டிக்காட்டினர்.

இவ்வவலத்தின் வேரில் இருந்தது தீயநோக்கன்று, குறுகிய மாதிரி. ஒரு வகுப்பினரின் நலிந்த உடல்களை மட்டும் கண்டு, மனித இயல்பு இதுவெனத் தீர்ப்பளித்தமையே பிழை. வறியோரின் துன்பம் அளவுகோலாகவே மாறிவிட்டமையால், அது துன்பமென்பதே கண்ணுக்குப் புலப்படவில்லை. தைமசு தன் சிறு பரப்பினுள் உடலின் எல்லா உறுப்புக்களின் மாதிரிகளையும் திரட்டி வைத்த பின்னரே எது ஊறு, எது ஊறன்று எனக் கலங்களுக்குக் கற்பிக்கின்றது. ஒரேயோர் உறுப்பின் புரதம் விடுபட்டாலும் அவ்வுறுப்பு தாக்குதலுக்கு இலக்காகலாம். அவ்வுறுப்பைப் பற்றித் தீர்ப்பளித்தோர் தமக்கு அத்தகைய விரிந்த கல்வியை அளித்துக்கொள்ளவில்லை. பயனற்றதென்னும் எண்ணமும் எளிதில் மறையவில்லை. இதய அறுவைச் சிகிச்சையின்போது வழிவிடுவதற்காகத் தைமசு அகற்றப்படுவதுண்டு. 2023 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, வளர்ந்த பின் தைமசு அகற்றப்பட்டோரிடையே அடுத்த ஐந்தாண்டுகளில் நிகழ்ந்த இறப்பு நூற்றுக்கு 8.1 ஆகவும், அகற்றப்படாத ஒப்பீட்டுத் தொகுதியினரிடையே 2.8 ஆகவும் இருந்ததைக் காட்டியது.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். 'தான்' என்பது உடலளவிலும் கற்றுக்கொள்ளப்படுவதேயன்றிக் குருதியில் எழுதப்பட்ட விதியன்று. எதிர்ப்போரை இல்லாமலாக்கிப் பெறும் அமைதி சகிப்பாகாது. உணர்வும் ஆற்றலும் இருந்தும் அடங்கிநிற்பதே பொறையாகும். எதனைப் பொறுப்பது, எதனைத் தடுப்பது என்னும் தெரிவு செவ்விதாக அமைவது, தெரிவோர் எத்துணை விரிந்த உலகை முன்னரே கண்டிருக்கின்றனர் என்பதனைப் பொறுத்தது. தம் ஊரையும் தம் வகுப்பையும் தம் நூல்களையும் மட்டும் கண்டு வளர்ந்தோர் நல்லெண்ணமுடையோராயினும், இயல்பானதையே நோயென மயங்குதல் எளிது. பல திறத்தாரும் ஒருங்கு கூடிப் பயிலும் உயர்கல்வி நிலையங்களுக்குச் சமுதாயம் செலவிடுவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

ஒரு வேறுபாடு மட்டும் கூறி அமையலாம். தைமசின் பாடம் இளமையிலே செறிந்து நிகழ்ந்து, வயது ஏற ஏற மெலிந்து போகின்றது. பின்னர் உடல் பெரும்பாலும் அன்று கற்றதையும் வெளியிழையங்களில் சிறிது சிறிதாகக் கற்பதையும் கொண்டே காலங்கழிக்கின்றது. மனிதருக்கோ அவ்வாறு சுருங்கிப்போகும் உறுப்பொன்றிலே கல்வி அடைபட்டிருக்கவில்லை. முதுமையிலும் தாம் முன்னர் அந்நியமென விலக்கியதொன்றை மீண்டும் நோக்கித் தம் தீர்ப்பைத் திருத்தும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. கலங்களுக்கு இல்லாத இவ்வாய்ப்பைப் பயன்படுத்தாதோர், உடலைச் சான்றுகாட்டித் தம்மை நியாயப்படுத்த முடியாது.